நுரை அண்ணன் தராத சாம்பிள்

ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களுக்குக் குரல் மெலிந்துவிடும் என்று எனக்குச் சொன்னது அம்மா. அம்மாவுக்குச் சொன்னது மாடி வீட்டுக்காரம்மா. அந்தம்மாவுக்குச் சொன்னது சிலிண்டர் இறக்கிப் போடும் லாரி டிரைவர். லாரி டிரைவர் அதை எங்கே பொறுக்கினார் என்று யாரும் விசாரிக்கவில்லை. இந்த மாதிரிச் செய்திகளுக்கு ஆதாரம் கேட்பதை நம் குடும்பங்களில் மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

"உன் பெரியம்மா மகனை அறுத்து விட்டுட்டாங்களாம்டா," என்றாள் அம்மா போனில்.

"யாரும்மா?"

"டாக்டருங்கதான். குடும்பக் கட்டுப்பாடாம். வீட்டுல பொம்பளை ஒருத்தி இருக்கும்போது இவன் போய்ப் படுத்திருக்கான். இப்ப சிலிண்டர் தூக்க முடியலையாம். குரல் வேற கீச்சுனு ஆயிடுச்சாம். நீ பேசிப் பாரேன், கீச்சுனு இருக்கான்னு."

எங்களுக்கு நடுவே ஒரு கடலும் சில மணி நேர வித்தியாசமும் இருக்கின்றன. அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவனால் உருப்படியாகச் செய்யக்கூடியது பயப்படுவது ஒன்றுதான். நான் உடனே போன் போட்டேன்.

"என்னடா?" என்றது காலி டிரம்மை உருட்டியதுபோல ஒரு குரல். கீச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எனக்கு நிம்மதி வந்த அந்த நொடியில் அண்ணன் குரலைத் தாழ்த்தி, "டேய், நீ படிச்சவன். ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் சொல்லாத," என்றார்.

அவர் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் படிப்பு காரணமில்லை. தூரத்தில் இருப்பவனிடம் சொன்னால் சொன்ன கணக்கில் வராது. தெருமுனையில் எதிர்ப்பட மாட்டான். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அர்த்தத்தோடு சிரிக்க மாட்டான். வெளிநாட்டில் இருக்கிற தம்பி என்பவன் குடும்பத்தின் இருட்டறை மாதிரி. வேண்டாததையெல்லாம் அங்கே தூக்கிப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடலாம்.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் வேலை பார்ப்பது சமையல் காஸ் நிரப்பும் ஆலையில். நிரம்பிய சிலிண்டர்கள் சங்கிலிப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகக் குலுங்கிக்கொண்டு வரும். பாதையின் ஓரத்தில் இடது கையில் சோப்புத் தண்ணீர் டப்பா, வலது கையில் ஒரு தட்டை பிரஷோடு நிற்பவர்தான் அண்ணன். ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் நுரையைப் பூசி, குனிந்து, ஐந்து எண்ணுவார். குமிழி வந்தால் சிலிண்டரை ஓரம் கட்டுவார். வராவிட்டால் மூடி போட்டு, சீல் வைத்து, தன் நம்பரைக் குத்துவார். பதினேழு. பதினான்கு வருஷமாகப் பதினேழாம் நம்பர் குத்திய சிலிண்டரிலிருந்து ஒரு மூச்சுகூட வெளியே கசிந்ததில்லை. தலைக்கு மேலே சுவரில் சிவப்பு எழுத்தில் ஆலை விதி: 'சோதிக்காமல் சீல் வைக்காதே'. அந்தப் பலகையைத் துடைப்பதே அவர்தான். துடைக்க வேறு ஆள் இருக்கிற நாளிலும் துடைப்பார்.

இதனால்தான் அவருக்கு நுரை என்று பெயர். வீட்டிலும் அந்தப் புத்தி விடாது. யார் வீட்டுக்குப் போனாலும் "எப்படி இருக்கீங்க" என்பதற்கு முன்னால் அடுப்படிக்குள் நுழைந்து, கழுவும் இடத்தில் இருக்கும் சோப்பைக் குழைத்து, ரெகுலேட்டருக்குத் தடவிப் பார்ப்பார். நான் லீவில் போயிருந்தபோது பிள்ளைகளின் பலூனுக்குக்கூடத் தடவினார். மனுஷன் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார் என்று ஊரே சொல்லும்.

ஊர் சொல்வது சரிதான். ஒரே ஒரு பொருளைத் தவிர.

அண்ணி கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பின்கட்டில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, பவர் சீட்டைப் பார்த்து, விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பார். மயிரிழை பிசகினாலும் வாங்கியவனுக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால் எதையும் இரண்டு தரம் அளந்து பார்க்கிற கை. "உங்க அண்ணனுக்குப் பார்வையெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. பார்க்கத்தான் தெரியல," என்று ஒருமுறை சொன்னார். அப்போது நான் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

அவர்கள் வீட்டில் பிள்ளை பெறாமல் இருப்பதற்காக நடந்த முயற்சிகளைச் சொன்னால், பிள்ளை பெறுவதற்கே மற்றவர்கள் அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றும். முதலில் காலண்டர். அண்ணன் ஆலையிலிருந்து கொண்டுவந்த காலண்டரில் 'ஆபத்தில்லாத' நாட்களுக்குப் பச்சை மையில் வட்டம் போட்டார். வட்டம் போட்டவர், அண்ணிக்கு மாதவிடாய் ஒரு மாதம் இருபத்தாறு நாளில் வரும், அடுத்த மாதம் முப்பத்துநாலில் வரும் என்பதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மூத்தவள் ஒரு பச்சை வட்டத்தில் உருவானாள்.

அடுத்து, கடைசி நேரத்தில் விலகிக்கொள்ளும் முறை. பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்குகிற வித்தை இது. அண்ணன் நிறுத்தம் தாண்டி இறங்கும் பேர்வழி. அதனால் அண்ணி மாத்திரைக்கு மாறினார். மாத்திரை ஒத்துக்கொள்கிற பெண்கள் எத்தனையோ பேர். அண்ணிக்கு அது ஒற்றைத் தலைவலியாக இறங்கியது. லென்ஸ் தேய்க்கிற பெண்ணுக்குக் கண்ணுக்கு முன்னால் மின்மினி பறந்தால் வேலை எப்படி ஓடும்? டாக்டரே வேண்டாமென்று நிறுத்திவிட்டார். பிறகு ஆணுறை. அண்ணன் அதைப் பர்ஸில் மடித்து, பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்து, அதன்மேல் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வருவார். அதோடு, வசதியாக இருக்கட்டும் என்று தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை வேறு தொட்டுக்கொண்டார்.

இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஆலையில் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு யாராவது எண்ணெய் தொட்டுவிட்டால் அண்ணன் அந்த ஆளை மூன்று நாள் மனுஷனாக மதிக்கமாட்டார். "எண்ணெய் பட்டா ரப்பர் ஊறி நைஞ்சு போயிரும்டா மடையா," என்று கத்துவார். அதே ரப்பர், அதே எண்ணெய், அதே ஆள். வீட்டுக்கு வந்ததும் சட்டையோடு அறிவையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார் போலிருக்கிறது. சின்னவன் அந்த எண்ணெயின் புண்ணியம்.

அதற்கப்புறம் காப்பர்-டி. பலருக்கு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வேலை செய்யும் சாமான். அண்ணிக்கு மாதம் பத்து நாள் உதிரப்போக்கு, இடுப்பு விட்டுப்போகும் வலி. எடுத்துவிட்டார்கள். எடுத்தபிறகு அண்ணிக்குக் கட்டிலைப் பார்த்தாலே உடம்பு இறுகியது. என் மனைவியிடம் அவர் சொன்னதாம்: "பயத்தோட படுத்தா உடம்பு தானா கதவைச் சாத்திக்குது. அவருக்கு அவசரம், எனக்கு எரிச்சல். இந்த லட்சணத்துல ஊர்ல எல்லாரும் இதைச் சுகம்னு சொல்றாங்க." இதை என் மனைவி என்னிடம் சொல்லவே ஒரு வாரம் ஆயிற்று. எனக்கு இரண்டு மொழி தெரியும். ஒன்றில் இந்தச் சமாச்சாரங்களுக்கு ஆஸ்பத்திரி வாடை. இன்னொன்றில் சண்டைக்காரர்களின் எச்சில். கணவனும் மனைவியும் சாதாரணமாகப் பேசிக்கொள்ள ஒன்றிலும் சொல் கிடைக்காது. அண்ணனிடம் இருந்தது ஒரு மொழி. அதிலும் அவர் இந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

போன வருஷம் அண்ணிக்குப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போய், பன்னிரண்டு நாளும் சோறு இறங்காமல் இருந்து, பதின்மூன்றாம் நாள் வந்தது. அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டார்.

"பதினோரு வருஷமா எல்லா ரிப்பேரும் என் உடம்புலதான் நடக்குது. இனி உங்க முறை. போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வாங்க. இல்லன்னா நீங்க ஹால்ல, நான் ரூம்ல."

அண்ணன் ஒரு வாரம் ஹாலில் படுத்தார். எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆபரேஷன் கால் மணி நேரம். மரத்துப்போக ஒரு ஊசி, சின்னதாக ஒரு ஓட்டை, இரண்டு மெல்லிய குழாய்களைத் துண்டித்து முடிச்சுப் போட்டாயிற்று. அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "வலிக்குமா?" என்று மூன்றாம் தரம் கேட்டபோது, "முடிஞ்சு போச்சு, எந்திரிங்க," என்றாராம் டாக்டரம்மா. கையில் ஒரு சீட்டைக் கொடுத்து வாசித்தும் காட்டினார்: ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது. மூன்று மாதம், குறைந்தது இருபது தடவை, வேறு பாதுகாப்போடுதான் சேர வேண்டும். குழாயில் மிச்சம் இருப்பது வெளியே போக வேண்டும். பிறகு லேபில் சாம்பிள் கொடுத்து, விந்தணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தால்தான் ஆபரேஷன் பலித்ததாக அர்த்தம்.

கனம் தூக்காதே என்பதை அண்ணன் சிரமேற்கொண்டு பதினாறு நாள் கடைப்பிடித்தார். தண்ணீர்க் குடத்தைக்கூட அண்ணிதான் தூக்கினார். சீட்டின் கடைசி வரியை மட்டும் அவர் கண் எட்டவில்லை.

இது இத்தோடு நின்றிருக்கும். அண்ணன் செய்த தப்பு, ஆலையில் ஒரே ஒருவரிடம் சொன்னது. அந்த ஒருவருக்கு ஆலையில் வைத்திருக்கும் பெயர் ரேடியோ. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எடை போடும் பகுதி, பெயிண்ட் அடிக்கும் பகுதி, லாரி ஷெட் எல்லாம் நிலையம் பிடித்துவிட்டன.

"என்ன நுரை அண்ணே, மெயின் வால்வையே அடைச்சுட்டீங்களாமே?"

"அடைச்சா பரவாயில்லடா. பிரஷர் இருக்கான்னு கேளு."

"பிரஷர் இருந்தா அவர் ஏன்டா இப்படி சோர்ந்து நிக்கிறாரு?"

"அண்ணே, என் மச்சினனோட பாஸ் இதைப் பண்ணிக்கிட்டாரு. ஆறே மாசம். புடவைக் கடையில கலர் செலக்ட் பண்ற அளவுக்கு மாறிட்டாரு."

அண்ணன் நுரையைப் பூசி ஐந்து எண்ணிக்கொண்டே இருந்தார். ஆனால் காதில் விழுந்தது இடுப்புக்கு இறங்கிவிட்டது. உடம்பு தேறி அண்ணியிடம் நெருங்கியபோது ஒன்றும் நடக்கவில்லை. சரி, அலுப்பு என்றார். அடுத்த வாரம், வெக்கை என்றார். அதற்கடுத்த வாரம் சின்னவனின் பரீட்சையைக் காரணம் காட்டினார். சின்னவன் ரெண்டாம் வகுப்பு. ஒவ்வொரு தடவையும் அண்ணன் தனக்குத்தானே நுரை பூசிக்கொண்டு ஐந்து எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அப்படிக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால் எவனுக்கு எழும்?

இடையில் பஸ் ஸ்டாண்டு சுவரில் குதிரைப் படம் போட்ட ஒரு நோட்டீஸைப் பார்த்து, டப்பாவில் அடைத்த கறுப்பு லேகியம் ஒன்றை வாங்கி வந்தார். அண்ணி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "குதிரைக்குக் கொடுக்கிறதா, குதிரையில இருந்து எடுத்ததா?" என்று கேட்டார். லேகியம் வேலை செய்தது, வயிற்றில். இரண்டு நாள் ஆலைக்கு லீவு.

இந்தக் கட்டத்தில்தான் எனக்கு அந்த ரகசியக் கேள்வி வந்தது. "டேய், வெட்டினதுல அந்த நரம்பையும் சேர்த்து வெட்டியிருப்பாங்களோ?"

"இல்லண்ணே. அது வேற, இது வேற. போய் டாக்டரைப் பாருங்க."

"பொம்பளை டாக்டர்டா."

"அவங்கதானண்ணே வெட்டினது?"

"அப்ப கண்ணை மூடிட்டிருந்தேன்."

கடைசியில் மூன்றாம் மாதத்தின் முடிவில் போனார். டாக்டரம்மா அண்ணனைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாராம். "காலையில தூங்கி எந்திரிக்கும்போது விறைப்பு இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப நரம்பு, ரத்த ஓட்டம் எல்லாம் ஒழுங்கா இருக்கு. உங்களுக்குப் பிரச்சினை பயம். நான் வெட்டினது விந்தணு வர்ற ரெண்டு குழாயை. ஆசைக்கும் விறைப்புக்கும் அந்தக் குழாய்க்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டு வாரம் எதையும் சாதிக்கணும்னு நினைக்காதீங்க. சும்மா பக்கத்துல படுங்க, பேசுங்க, தொட்டுக்கோங்க. அதோட நிறுத்திடுங்க. அவங்களுக்கு வலி இருந்தா அவசரப்படாதீங்க. வழுவழுப்புக்கு ஜெல் எழுதித் தரேன். எண்ணெய் வேண்டாம். இருபது தடவை ஆச்சா?"

மூன்று மாதம் முடிந்திருந்தது. இருபதுதான் தொடங்கவே இல்லை. அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"சரி, உறை போட்டுக்கிட்டு ஆரம்பிங்க. அப்புறம் இதுல சாம்பிள்," என்று மூடி போட்ட ஒரு சின்னக் குப்பியை மேஜைமேல் வைத்தார் டாக்டரம்மா.

இரண்டு வார விரதம் ஒன்பதாம் நாளில் முறிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகல். அண்ணனுக்கு மதிய ஷிஃப்ட், அண்ணிக்குக் கடை வார விடுமுறை. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துக்கு நடுவே எல்லாம் இயல்பாக நடந்தது. அண்ணன் அன்றைக்கு ஆலைக்குள் நுழைந்த நடையைப் பார்த்து ரேடியோவே ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது என்று கேள்வி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நான்கைந்து வாரம் அப்படியே போனது. ஒருநாள் அண்ணி கேட்டார், "சாம்பிள் கொடுத்தாச்சா?"

"கொடுத்துட்டேன். சைபர்னு வந்துடுச்சு."

அந்தக் குப்பி அப்போது அவருடைய சாப்பாட்டுப் பையின் அடியில், பழைய ஷிஃப்ட் அட்டவணை ஒன்றில் சுற்றப்பட்டுக் கிடந்தது. சீல்கூட உடைக்கவில்லை. லேப் கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் அதை எப்படி நீட்டுவது என்று அவருக்குக் கூச்சம். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் வால்வைக் குனிந்து பார்க்கிற மனுஷன், தன்னுடைய ஒன்றை இன்னொருத்தர் பார்க்க விடவில்லை. நம்பரை மட்டும் குத்திவிட்டார். பதினேழு, பாஸ்.

அண்ணி நம்பினார். உறையை நிறுத்தினார்கள். பிறகு என் மனைவியிடம் அவர் சொன்னதை என் மனைவி என்னிடம் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "பதினோரு வருஷத்துல இப்பத்தான் பயமில்லாம இருந்தேன். உடம்பு இளகிடுச்சு. இதுக்கா எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்கன்னு இப்பத்தான் புரிஞ்சுது," என்றாராம். அந்தச் சுகம் முழுக்க அண்ணன் எடுக்காத ஒரு ரிப்போர்ட்டின்மேல் உட்கார்ந்திருந்தது.

இரண்டு மாதத்தில் அண்ணிக்கு எட்டு நாள் தள்ளிப்போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் அக்கா வருவார். எங்கள் எல்லோருக்குமே மூத்தவர். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் மேலதிகாரி. அந்த ஞாயிறு பாத்ரூமுக்குப் போனவர் கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தார். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கிற கர்ப்பச் சோதனைக் குச்சியின் பெட்டி. பிரிக்கப்படாமல் இருந்தது.

"இது எதுக்கு?" என்றார் ஹால் நடுவில் நின்று.

"தள்ளிப்போயிருக்கு அக்கா. பார்க்கணும்," என்றார் அண்ணி.

"இவனுக்குத்தான் ஆபரேஷன் ஆச்சே?"

"ஆமா."

"டெஸ்ட்டும் எடுத்து ஒண்ணுமில்லன்னு வந்துச்சே? இவனே என்கிட்ட பெருமையாச் சொன்னானே?"

"ஆமா."

"அப்புறம் எப்படிம்மா தள்ளிப்போகும்?" மேலதிகாரி பெட்டியைத் தட்டித் தட்டிக் கேட்டார். "நான் ஒண்ணும் சொல்லல. கண்ணாடிக்கடையில எத்தனை ஆம்பளைங்க வேலை பார்க்கிறாங்க? சும்மா கேக்கிறேன்."

அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். 'நான் டெஸ்ட்டே எடுக்கல அக்கா.' அவ்வளவுதான். அண்ணன் குனிந்து தரையைப் பார்த்தார். ஐந்து எண்ணினாரோ ஐம்பது எண்ணினாரோ. வாயிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை.

அக்கா போனபிறகு அண்ணி கேட்டார். "ரிப்போர்ட் எங்க?"

"எங்கயோ வச்சேன்."

"எந்த லேப்?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மறுநாள் காலை கடைக்குப் போகிற வழியில் அண்ணி அந்த லேபுக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பேரில் யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அதே நாள் மதியம் அண்ணி அண்ணனின் இரண்டு சட்டையும் ஒரு லுங்கியும் பையில் போட்டு வாசலில் வைத்தார்.

"வாடகை ரசீது என் பேர்லதான் இருக்கு. நீங்க போங்க. பிள்ளைங்ககிட்ட டபுள் டூட்டின்னு சொல்லிக்கிறேன்."

"நான் உன்னைச் சந்தேகப்படலையே?"

"சந்தேகப்பட்டிருந்தாக்கூட பரவாயில்ல, முட்டாள்னு விட்டிருப்பேன். உங்களுக்கு உண்மை தெரியும். தெரிஞ்சே என்னை அங்க நிக்க வச்சீங்க. உங்க அக்காகிட்ட உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் வராதீங்க."

"அந்தக் குச்சியில என்ன வந்துச்சு?"

"அதை நீங்க கேக்கற வரிசை இது இல்ல. முதல்ல உங்க அக்கா," என்று கதவைச் சாத்தினார்.

வேறு எவனாக இருந்தாலும் தெருமுனை திரும்புவதற்குள் அக்காவுக்குப் போன் போட்டிருப்பான். அண்ணன் நேராக ஆலை ஓய்வறைக்குப் போய்ப் பெஞ்சில் பையை வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"டெஸ்ட் எடுத்துட்டு வந்து சொல்றேன்டா. கையில ரிப்போர்ட் இல்லாம எப்படிடா சொல்றது?"

"நீங்க டெஸ்ட் எடுக்கலன்னு சொல்றதுக்கு எதுக்கண்ணே ரிப்போர்ட்டு?"

"அப்படி இல்லடா. ஒரு பேப்பர் இருந்தா..."

பதினான்கு வருஷமாகச் சோதிக்காமல் சீல் வைத்ததில்லையாம். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஏற்கெனவே வைத்துவிட்ட சீலை மறந்துபோனார். பெஞ்சில் படுத்துக்கொண்டு இரண்டு நாள் தைரியம் சேர்த்தார். மூன்றாம் நாள் குப்பியோடு லேபுக்குப் போனார். அங்கே ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, சுவரில் உடற்கூறு படம், வெளியே யாரோ இருமுகிற சத்தம். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து குப்பியைக் கைக்குட்டையால் மூடி நீட்டினாராம். கவுண்டர் பெண் கைக்குட்டையை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, "அடுத்தவர்," என்றார். இத்தனை மாதம் அவர் பயந்த விஷயம் பதினைந்து வினாடியில் முடிந்துவிட்டது.

மறுநாள் ரிப்போர்ட். விந்தணு இருந்தது. அசைவும் இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்திருக்கலாம், அல்லது வெட்டிய முனைகள் மறுபடி சேர்ந்திருக்கலாம், எப்போதாவது ஒருத்தருக்கு அப்படி நடக்கும், ஒரு மாதம் கழித்து இன்னொரு சாம்பிள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். "அதுக்காகத்தான் அன்னைக்கே குப்பி கொடுத்தேன்," என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அந்தக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்தது அண்ணி.

நேற்று என் மதியச் சாப்பாட்டு வேளையில் போன் வந்தது. ஆலை முற்றத்தில், காலி சிலிண்டர் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினார். பின்னணியில் சங்கிலிப் பாதையின் கடகடப்பு கேட்டது.

"அக்காகிட்ட சொல்லிட்டேன்டா."

"என்ன சொன்னீங்க?"

"ரிப்போர்ட்டைப் படிச்சுக் காமிச்சேன்."

"டெஸ்ட் எடுக்காமலே எடுத்தேன்னு பொய் சொன்னதைச் சொன்னீங்களா?"

கடகடப்பு மட்டும் கேட்டது.

"அண்ணே?"

"ரிப்போர்ட்லயே எல்லாம் இருக்கேடா. தேதி போட்டிருக்கு. புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"அக்கா என்ன சொன்னாங்க?"

"அந்த டாக்டர் சரியில்லன்னாங்க. கேஸ் போடச் சொன்னாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு கோபப்படுவது சுலபம் என்பதும் தெரிந்தது. அன்று அந்த ஹாலில் நான் இருந்திருந்தால் நானும் தரையைத்தான் பார்த்திருப்பேன் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

"மறுபடி அக்காவுக்குப் போன் போடுங்க. தப்பு டாக்டர் மேல இல்ல, என் மேலன்னு சொல்லுங்க. அப்புறம் அண்ணிக்குப் போடுங்க."

"முதல்ல அவகிட்ட பேசிடறேன்டா. பேசிட்டு அக்காவுக்குப் போடறேன். நீ லைன்லயே இரு. நீ இருந்தா திட்டமாட்டா."

"அண்ணே, அவங்க கேட்ட வரிசை அது இல்லையே."

"ஒரு தடவை பேசிட்டா சரியாயிடும்டா. குச்சியில என்ன வந்துச்சுன்னும் தெரியணுமில்ல?"

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் என்னைக் காத்திருப்பில் போட்டு, அண்ணியின் நம்பரை அழைத்து, மூன்று பேரையும் இணைத்துவிட்டார். அண்ணியின் கண்ணாடிக்கடை, லென்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை, அதன்மேல் கவிழ்த்து வைத்த போன் எல்லாம் எனக்குக் கண்ணில் தெரிந்தது. மணி அடித்தது.

"எடுப்பாடா?" என்றார் அண்ணன். குரல் அந்த நேரம் உண்மையிலேயே மெலிந்திருந்தது.

"தெரியலண்ணே."

"ரிப்போர்ட் கையிலதான் இருக்குடா. எடுத்தா உடனே படிச்சுடுவேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடகடப்பின் நடுவே யாரோ, "நுரை அண்ணே, சிலிண்டர் தேங்குது!" என்று கத்தினார்கள். அண்ணன் அசையவில்லை. என் காதில் இரண்டு நாட்டு இரைச்சலும், நடுவில் அந்த ஒரே மணியும்.

"நல்லா அடிக்கட்டும்," என்றார் அண்ணன். "அவ ரெண்டு தரம் பார்த்துட்டுத்தான் எதையும் எடுப்பா."

மணி அடித்தது.